காற்றுக்குச் சாவி இரண்டு

1995 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மேற்கே மலை உச்சியில் மேகம் கட்டியிருந்தது. ஊருக்குள் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆடிக் காற்று தெருப்புழுதியைச் சுருட்டிக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதி முக்கில் ஒரு மின்கம்பத்தின் அடியில் நான் நின்றிருந்தேன். அன்று ஆண்டாள் தேர்.

கூரைகளில் சூரியத் தகடு மாட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் எந்திரங்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். அந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எழுதி முடிக்கும்வரை எனக்கு நிம்மதி இராது. வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுக்கிறவன் நான். வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

சொந்தமாக மின்சாரம் எடுக்கும் எங்கள் சங்கம் ராஜபாளையத்தில், நூல் பொதிகளை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் பிறந்தது. எண்பதுகளின் கடைசி அது. மின்வெட்டு வந்தால் மில்லில் நூல் சுற்றும் கதிர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் நிற்கும். அந்தத் திடீர் அமைதியில் வெளியே காற்று வீசுவது கேட்கும். கிட்டங்கியின் தகரக் கூரையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதுபோல அடிக்கும். ஒரு நாள் நூல் வியாபாரி ஒருவர் மேலே கையைக் காட்டிச் சொன்னார்: "ஏமய்யா, கரண்டு இல்ல, கரண்டு இல்லங்கோம். அந்தா கூரைமேல ஓடுதே, அது என்னவாம்?" வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழுமாகப் பேசும் மனிதர். பின்னால் அவர்தான் எங்கள் தலைவரானார்.

அதைக் கேட்டு அன்று சிரித்த பதினான்கு பேரும் பங்கு போட்டார்கள். மில்காரர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர்கள், சோழபுரத்து விவசாயிகள், இரண்டு பள்ளிக்கூட வாத்தியார்கள், ஒரு பாதிரியார் என்று முந்நூற்றுப் பதினோரு பேர் சேர்ந்தோம். மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்த என்னைச் சம்பளத்துக்குச் செயலாளராகப் போட்டார்கள். மின்வாரியத்தில் அனுமதி வாங்க நான்கு வருடம் நடந்தேன். அதன் பிறகு வன்னியம்பட்டிக்கு மேற்கே கரிசல் மேட்டில் இரண்டு காற்றாலைகள் எழுந்தன. ரத வீதிக் கடைகள் நாற்பத்தொன்றுக்கு எங்கள் கம்பி போனது.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தூக்கத்தில் நடப்பதுபோல இருக்கிறது. மதுரை பஸ் வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டும்போது ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்புவார்கள். பருத்திக் காட்டுக்கு அப்பால், மலையின் நீலத்துக்கு முன்னால், இரண்டு வெள்ளை ஆலைகளும் அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். யாராவது ஒருவர், பங்கே போடாத ஆளாக இருந்தாலும், பக்கத்தில் இருப்பவரிடம் "அது நம்ம கரண்டு" என்பார். ஊர் ஒன்றுக்குச் சொந்தமாகக் காற்று இருக்க முடியும் என்பதை அந்த பஸ்ஸில்தான் நான் நம்பினேன். இறங்கும்போது மறுபடியும் கவலை வந்துவிடும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பழைய லைன்மேன்கள் கம்பத்தில் ஏறும் முன் அந்த லைனின் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். கட்டை தன்னிடம் இருக்கும்வரை யாரும் கரண்டை விட முடியாது. காற்றாலையில் அப்படிப் பிடுங்கிக்கொண்டு வர ஒன்றுமில்லை. ஆகவே ஆலைகளின் பிரேக்கைப் போட்டு, அதன் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கம்பத்தில் ஏறுகிறவன் கையில் கொடுப்பது என்று வைத்தோம். ஆலை இரண்டு, சாவி இரண்டு. எங்கள் லைன்மேன் அருளப்பன் அவற்றை அரைஞாணில் முடிந்துகொள்வான். "காத்தையே பூட்டி இடுப்புல செருகியிருக்கேன்" என்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டு போவான்.

அந்த வழக்கம் நல்ல வழக்கம். அதில் தப்பு கண்டுபிடிக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்து.

தேரன்று ரத வீதிகளில் வாரியம் மின்சாரத்தை நிறுத்தி, குறுக்கே போகும் கம்பிகளை அவிழ்த்துவிடும். தேர் அவ்வளவு உயரம். எங்கள் கம்பி ஒரே ஓர் இடத்தில்தான் வீதியைக் கடந்தது, அந்த முக்கில். முந்தின நாளே அவிழ்த்துவிடலாம் என்று நான் சொன்னேன். கடைக்காரர்களுக்கு எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் கரண்டு கொடுக்க வேண்டும், கடைசியில் அவிழ்க்கலாம் என்றார் தலைவர். கமிட்டியில் எல்லோரும் அவர் பக்கம்.

காலையில் வாரியத்து ஆட்கள் தங்கள் கம்பிகளை அவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். காற்றாலை மேட்டிலிருந்து சைக்கிளில் சாவிகள் வந்து சேர்ந்தன. அருளப்பன் அவற்றை இடுப்பில் முடிந்துகொண்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பத்தடியில் நின்றான்.

முக்கில் முத்துலட்சுமியின் பால்கோவாக் கடை. புருஷன் இறந்த பிறகு தனியாக நடத்திக்கொண்டிருந்தாள். தேரன்று விற்பது மூன்று மாத விற்பனைக்குச் சமம். அவள் வாசலில் நின்று அருளப்பனைச் சீண்டினாள்.

"ஏலே அருளு, தேருக்கும் ஒனக்கு லீவு கிடையாது, கிறிஸ்துமசுக்கும் லீவு கிடையாது. நீ எந்தச் சாமிக்குல வேலை பாக்க?"

"ரெண்டு சாமியும் சேந்து என்னை இந்தக் கம்பத்துல கட்டிப்போட்டிருக்காவ அக்கா. கால் கிலோ எடுத்து வையுங்க, எறங்கி வந்து திங்கேன்."

"துட்ட வச்சிட்டு ஏறு. எறங்கின பொறவு நீ எந்தப் பக்கம் ஓடுவேன்னு எனக்குத் தெரியும்."

அப்போது தலைவர் வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருமண்ணுமாக வந்தார். முத்துலட்சுமி அவரைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, ஆறு மணிக்கு வாரியத்துக் கரண்டு போயிட்டு. இன்னிக்கி நம்ம கரண்டு நிக்கவே நிக்காதுன்னு நீங்கதான வாக்குக் குடுத்தீய? அந்தா பாருங்க, ட்யூப் லைட்டு செத்துக் கெடக்கு. ஐஸ்பெட்டியில இருபது கிலோ கோவா கெடக்கு, கெட்டுப்போனா யாரு பொறுப்பு?"

தலைவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். என்ன வாக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கும் முன்னே தேரடியிலிருந்து அதிர்வேட்டு கேட்டது. தேர் நிலையை விட்டுக் கிளம்பிவிட்டது.

தேர் வருவதைக் காதுக்கு முன்னால் கால் அறிந்துவிடும். தரை லேசாக அதிரும். பிறகு ஜனங்களின் சத்தம், நிரம்பிய கண்மாய் மறுகால் பாயும் சத்தம்போல, ஒரு சீராக. அப்புறம் வீடுகளின் மேல்மாடிகளுக்கு மேலே தேரின் உச்சியும், காற்றில் உப்பிய துணிகளும். கோபுரம் ஒன்று எழுந்து காற்றாட நடந்து வருவதுபோல இருக்கும். வேலையில் நிற்கிறவனுக்குக்கூட அந்த நேரத்தில் வேலை மறந்துவிடும். எனக்கும் மறந்தது. வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

"சார், ஏறட்டுமா?" என்றான் அருளப்பன்.

ஏறு என்று சொல்லத் திரும்பினேன். அவனுக்குப் பின்னால் கடைக்குள் கூரை மின்விசிறி தெரிந்தது. அது சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஒவ்வொரு இறக்கையையும் தனித்தனியாகப் பார்க்கிற அளவுக்கு மெதுவாக.

"செத்த நேரம் இரு."

"என்ன சார்?"

"அந்த ஃபேன் சுத்துதே."

அருளப்பன் பார்த்துச் சிரித்தான். "ஆடிக்காத்து சார். கடை மேற்க பாத்துல்ல இருக்கு? இந்தக் காத்துக்கு அம்மிக்கல்லே சுத்தும்."

தலைவரும் பார்த்தார். "ட்யூப் லைட்டு எரியலையே செயலாளரே. கரண்டு இருந்தா எரியாதா? வீணா நேரத்தக் கடத்தாதீரும். தேர் வந்துக்கிட்டிருக்கு."

அவர் சொன்னது நியாயம். கடைக்குள் காற்று நன்றாகத்தான் வீசியது. சுவரில் தொங்கிய காலண்டர் படபடத்தது. சாவி இரண்டும் அருளப்பன் இடுப்பில் இருந்தன. லைனில் கரண்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் அவனுடைய சோதனை விளக்கு கூட்டத்தில் நசுங்கி உடைந்துவிட்டது, ஆனாலும் சாவி இருக்கும்போது விளக்கு எதற்கு? எல்லாக் காரணங்களும் ஏறு என்றே சொல்லின. மாறாக நின்றது எனக்குள் இருந்த ஒரு சங்கடம் மட்டும்தான். அந்தச் சங்கடம் எனக்குத் தினமும் வருவது. இருபது தடவை வந்தால் பத்தொன்பது தடவை வீண்.

"அம்மா, ஷட்டரை இறக்குங்க" என்றேன்.

"என்னது? தேர் வார நேரத்துலயா? யாவாரம் பண்ணட்டுமா வேண்டாமா நான்?"

"ஒரு நிமிஷம்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே கொக்கியை மாட்டி ஷட்டரை இழுத்தாள். உள்ளே நாங்கள் இருவரும் நின்றோம். தெரு முழுவதும் சட்டென்று தூரமாகிவிட்டது. இருட்டில் பால் காய்ந்த வாசனை. ஷட்டரின் அடிப்பிளவு வழியாக ஒரு கோடு வெளிச்சம். காலண்டர் அசையவில்லை. அண்ணாந்து பார்த்தேன். கண் பழக நேரம் பிடித்தது. கடைக்குள் துளி காற்று இல்லை. மின்விசிறி அதே மெதுவில், அதே சீரில் சுற்றிக்கொண்டிருந்தது. பயமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு கணம் அது அழகாக இருந்தது. தன் பாட்டுக்கு எதையோ யோசித்துக்கொண்டு சுற்றுவதுபோல.

"அடி ஆத்தி" என்றாள் முத்துலட்சுமி. "தாழ்ந்த கரண்டு."

அந்தக் காலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், உங்களுக்குச் சொல்கிறேன். மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்துவிட்டால் ட்யூப் லைட் எரியாது. மின்விசிறி மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கும். விளக்கை எரிய வைக்காத அந்த மின்சாரம் ஆளைக் கொல்லப் போதும்.

ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அருளப்பன் கம்பத்தில் முதல் பிடி பிடித்திருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"லைன்ல உயிர் இருக்கு."

"எப்படி சார்? சாவி ரெண்டும்..." என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினான்.

எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. எங்கள் கரண்டு பிறக்கிற இடங்களை விரல்விட்டு எண்ணினேன். மேட்டில் ஒன்று, மேட்டில் இரண்டு. மூன்றாவது விரலில் நின்றேன். காய்கறிச் சந்தையில் சாணத்தையும் அழுகிய காய்கறியையும் போட்டு எடுக்கும் எரிவாயுவில் ஓடும் எஞ்சின் ஒன்றை மூன்று மாதம் முன்புதான் வைத்திருந்தோம். காற்றில்லாத மாதங்களுக்காக. ஆடியில் அதை யாரும் தொடுவதில்லை. அதற்குச் சாவியும் போடவில்லை.

தலைவர் பக்கம் திரும்பினேன். "சந்தை எஞ்சின் ஓடுதா?"

அவர் முகம் மாறியது. "ஏழு மணிக்கே போடச் சொல்லியிருந்தேன். வாரியம் நிறுத்தின நாள்ல நம்ம கரண்டு எரியுதுன்னு ஊர் பாக்கட்டுமேன்னு... ஆனா ட்யூப் லைட்டே எரியலையே. ஓடலைன்னுல்ல நெனச்சேன்."

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடைக்காரர்கள் எல்லோரும் சீரியல் செட்டும் ஜூஸ் மிக்சியும் அதில் மாட்டியிருந்தார்கள். அந்தச் சிறு எஞ்சினால் இழுக்க முடியவில்லை. தலைவர் காற்றாலைக் கம்பி வேறு, எஞ்சின் கம்பி வேறு என்று நினைத்திருந்தார். வீதியைக் கடந்த அந்தக் கம்பியில்தான் இரண்டும் சேர்ந்திருந்தன.

தேர் திரும்ப இன்னும் பத்து நிமிடம் இருக்கலாம். சந்தைக்கு ஆள் அனுப்பினால் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சேரவே அரை மணி ஆகும். அங்கே தொலைபேசி கிடையாது.

"தேரை நிறுத்தச் சொல்லுவோம்" என்றேன்.

"என்ன பேச்சுய்யா பேசுதீர்? திரும்புற எடத்துல கட்டையப் போட்டு நிறுத்தினா மறுபடி எழுப்ப எம்புட்டு நேரமாகும் தெரியுமா? வடம் பிடிச்சிருக்கவன் ஆயிரக்கணக்குல நிக்கான். முன்ன நிக்கவன் நின்னுட்டான்னு பின்ன தள்ளுதவனுக்குத் தெரியுமா? மிதிபட்டுச் சாவான்" என்றார் தலைவர். அதுவும் நியாயம்.

அருளப்பன் குறுக்கே வந்தான். "நான் ஏறுதேன் சார். ரப்பர் கை உறை இருக்கு. தாழ்ந்த கரண்டுதான, கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள அவுத்து விட்டுட்டு எறங்கிருவேன்."

"அவனே ஏறுதேங்கானே" என்றார் தலைவர்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். நெருக்கடியில் ஆபத்தான யோசனை வில்லன் வாயிலிருந்து வராது. தைரியசாலியின் வாயிலிருந்து, பிரியத்தோடு, உதவியாக வரும். அதை மறுப்பது கோழைத்தனம்போல இருக்கும். அருளப்பனின் கை உறையை நான் வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் ஓரத்தில் ஓர் அரிசி நீளத்துக்குக் கீறல்.

"ஏறக்கூடாது" என்றேன். "எர்த் செயினை எடு."

இரும்புச் சங்கிலி அது. ஒரு முனையைத் தரையில் அடித்த கம்பியில் கட்டி, மறுமுனையை லைன்மேல் வீசினால், லைனில் வருகிற மின்சாரமெல்லாம் மண்ணுக்குள் இறங்கும். மறுகோடியில் இருக்கும் எந்திரத்தின் ப்யூஸ் போகும். ஓடுகிற எந்திரத்தின்மேல் அப்படிச் செய்யக்கூடாது என்பது சங்கத்தின் விதி. அந்த விதியை எழுதியவனே நான்தான்.

"எந்திரத்துக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்றார் தலைவர்.

"என் பேர்ல எழுதிக்கிடுங்க."

கூட்டத்தை ஒதுக்கினோம். முத்துலட்சுமி கல்லாவை விட்டு இறங்கி வந்து இரண்டு கையையும் விரித்து நின்று, "தள்ளி நில்லுங்க, ஏட்டி ஒன்னத்தான், பிள்ளையத் தூக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். போலீஸ்காரரைவிட அவளுக்கு ஜனங்கள் பயந்தார்கள். அருளப்பன் சங்கிலியைச் சுழற்றி வீசினான். முதல் வீச்சு தவறியது. இரண்டாவதில் கம்பிகளின்மேல் விழுந்தது.

பட்டென்று ஒரு நீல வெளிச்சம். அது உடனே அணையவில்லை. சீறிக்கொண்டே நின்றது. அவ்வளவு நேரம் நிற்கக் கூடாதே என்று நான் பதறினேன். பிறகு சட்டென்று போயிற்று. கடைக்குள் பார்த்தேன். திறந்த கடையில் காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது, காலண்டர் படபடத்தது. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. காற்றுக்கு அது ஒருபோதும் சுற்றியதில்லை.

அருளப்பன் ஏறினான். இந்தத் தடவை கேலியில்லை. கம்பிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, இரு பக்கமும் சுவரோரம் இறங்கின. அவன் கால் தரையைத் தொட்டபோது தேரின் வடம் முக்கில் திரும்பியிருந்தது.

பிறகு தேர் வந்தது. அதன் நிழல் முதலில் கடைமேல் ஏறியது, எங்கள்மேல் ஏறியது. சக்கரம் என் தலைக்கு மேலே இன்னொரு ஆள் உயரம். கட்டை போடுகிறவர்கள் ஓடி ஓடி மரக்கட்டையைத் தள்ளி அதைத் திருப்பினார்கள். கம்பி இருந்த உயரத்தை உச்சி கடந்தபோது நான் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருளப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வன்னியம்பட்டி மேட்டில் எங்கள் ஆலைகள் இரண்டும் அந்நேரம் அசையாமல், அந்த வருடத்தின் மிகச் சிறந்த காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும்.

மத்தியானம் சந்தைக்குப் போனோம். எஞ்சின் அறையில் வார்னிஷ் கருகிய புகை. ஜெனரேட்டரின் சுருள் முழுவதும் கருகியிருந்தது. ப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பென்சில் பருமனுக்குச் செம்புக் கம்பி. எஞ்சினைப் பார்த்துக்கொண்ட செல்லையா மூலையில் நின்றார்.

"தலைவர் அய்யா இன்னிக்கிக் கரண்டு நிக்கவே கூடாதுன்னாவ. ரெண்டு தடவை ப்யூஸ் போச்சு. அதான், நிக்காதபடி பண்ணிட்டேன்" என்றார்.

அவரை யாரும் திட்டவில்லை. திட்டுவதென்றால் யாரிலிருந்து தொடங்குவது? ஊர் தன் கரண்டின்மேல் வைத்திருந்த ஆசைதான் அந்தச் செம்புக் கம்பி. வாரியத்தின் கரண்டாக இருந்திருந்தால் அது நிற்கக் கூடாது என்று எவரும் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரமே எஞ்சினுக்குச் சாவி போட்டோம். உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். இப்போது நீங்கள் மாட்டும் ஒவ்வொரு கூரையும் ஒரு மின்நிலையம். தெருவில் முப்பது வீடு இருந்தால் முப்பது இடத்தில் கரண்டு பிறக்கிறது. உங்கள் ஆள் கம்பத்தில் ஏறும் முன், கையில் எத்தனை சாவி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். எத்தனை இடத்தில் பிறக்கிறது என்று புதிதாக எண்ணுங்கள். நேற்று எண்ணியது இன்றைக்கு ஆகாது. கவலைப்படுகிறவன் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கமிட்டி கூடியது. எஞ்சினை ஓட்டச் சொன்னது தன் தவறு என்று தலைவர் எழுந்து ஒப்புக்கொண்டார். ஆனால் ஓடுகிற எந்திரத்தின்மேல் சங்கிலி போட்டது விதிமீறல், செயலாளரே பொறுப்பேற்றார், முந்நூற்றுப் பதினோரு பேர் பணம் இது என்றார்கள் மற்றவர்கள். செலவை நானே கட்ட வேண்டும் என்று ஆறுக்கு ஐந்தில் முடிவானது. எனக்காகக் கை தூக்கிய ஐந்தில் ஒன்று தலைவருடையது. அருளப்பன் பாதியைத் தான் தருவதாக வந்து நின்றான். அவனுக்கு அப்போது மூன்று பெண் குழந்தைகள், நான்காவது வயிற்றில். போ என்று அனுப்பிவிட்டேன். நான்காவதும் பெண்தான். இன்று அது திருநெல்வேலியில் நர்ஸ்.

சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். சுருளுக்குச் செம்பு, மதுரைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த லாரி, சுற்றிய கூலி, வார்னிஷ், கெட்டுப்போன பால்கோவா என்று முத்துலட்சுமி விடாமல் வாங்கிக்கொண்ட நூற்று ஐம்பது ரூபாய், எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய்.